ஃபேனை நிறுத்திய பிறகு

ஒன்றரை வருஷமாக ஒரு வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வேறு யாரும் சொன்னதல்ல, நானே சொன்னது. மார்கழிக் கச்சேரி ஒன்றில் பாதியில் எழுந்து வந்து, சபா கேண்டீனில் காபியை ஆற்றியபடி அக்காவிடம் சொன்னேன்: “இவங்க இனிமே வாசிக்காம இருக்கலாம்க்கா. இருக்கிற பேரையாவது காப்பாத்திக்கலாம்.” அக்கா ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அரங்கத்துக்குள் போய்விட்டாள். நான் வெளியிலேயே நின்று, கச்சேரி முடிகிற வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் வேறு என்னென்னவோ பேசினோம், அந்தக் கச்சேரியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

மேடையில் இருந்தவர் எண்பதைத் தாண்டிய வீணைக் கலைஞர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தன் பெயர் நாலு பேர் வாயில் அடிபடுவதில் அவருக்கு ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாங்கள் கும்பகோணத்தில் இருந்த காலத்தில் அக்கா எட்டு வருஷம் வீணை கற்றாள். அந்த வாத்தியாரம்மா இவரைப் பற்றி ஏதோ ஊர்த் தெய்வத்தைச் சொல்வது போலச் சொல்வார். நான் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டு வளர்ந்தவன். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று நாலு தந்தியின் பெயரும் வாய்ப்பாடு போல வரும். அதனால்தான் அன்று அவ்வளவு ஏமாற்றம். மத்தியான நேரக் கச்சேரி. ஆயிரம் பேர் உட்காரும் இடத்தில் அறுபது எழுபது பேர். வீணையில் ஒட்டியிருந்த கான்டாக்ட் மைக் வழியே ஒவ்வொரு மீட்டும் தகரத்தில் கல் விழுந்த மாதிரி வந்தது. மிருதங்கம் அதைவிடச் சத்தம். துரித காலத்தில் இரண்டு மூன்று இடங்களில் விரல் பிந்தியது, பெரிய ஸ்பீக்கர் அதை அரங்கம் முழுக்க எடுத்துச் சொன்னது. வயசாகிவிட்டது, இனி இவ்வளவுதான் என்று எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேற வேலை எதுவும் வெச்சுக்காதே. மயிலாப்பூர்ல ஒரு வீட்டுக் கச்சேரி. மாமி வாசிக்கிறாங்க.” எந்த மாமி என்று கேட்கவில்லை, குரலிலேயே தெரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து இதற்காகவே ரயிலேறி வருகிறாள் என்றால் மறுக்க முடியாது. சரி என்றேன். மனதுக்குள், இன்னொரு தடவை அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்க வேண்டுமா என்ற தயக்கம் இருந்தது. பிடித்த ஒருவர் தளர்ந்துபோவதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது கஷ்டம். வீட்டுக் கச்சேரியில் எல்லாருமே முதல் வரிசைதான்.

மாடி ஹால்

தெற்கு மாடவீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் பழைய வீடு. மாடியில் நீளமான ஹால், சிவப்பு ஆக்சைடு தரை, மரச்சட்டம் போட்ட நாலு ஜன்னல். ஜமக்காளம் விரித்திருந்தார்கள். சுவரோரம் வயதானவர்களுக்காகப் பத்துப் பன்னிரண்டு நாற்காலி. மொத்தம் முப்பத்தைந்து பேர் இருந்திருப்போம். மேடை கிடையாது. ஓர் ஓரத்தில் பாய் விரித்து அதன் மேல் ஒரு கம்பளம், அவ்வளவுதான். நானும் அக்காவும் ஆறடி தூரத்தில் தரையில் உட்கார்ந்தோம். மைக் எங்கே என்று கண் தேடியது. எங்கும் இல்லை.

மாமி ஏற்கெனவே வந்து உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். சிறிய உருவம், வெளிர் அரக்கு நிறத்தில் பருத்திப் புடவை, கனமான மூக்குக்கண்ணாடி. வீணை ஏகாண்டம், குடம், தண்டி, யாளி முகம் வரை ஒரே பலாமரத்தில் குடைந்தது. மரம் கிட்டத்தட்டக் கறுப்பாகியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சு. இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் அந்த விரல்களைப் பார்த்தேன். நுனியில் தந்தி பதிந்து பதிந்து ஒரு பள்ளம், காய்த்துப்போய், விறகில் கோடரி வெட்டிய தடம் போல. எழுபது வருஷத்துக்கு மேலாக ஒரே இடத்தில் தந்தி ஓடியிருக்கிறது. சபாவில் நாற்பதாவது வரிசையிலிருந்து பார்த்தபோது அவருக்கு விரல்கள் இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

பின்னால் ஒரு மாணவி தம்புராவை மடியில் வைத்து, குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஜீவா நூலை நகர்த்திக்கொண்டிருந்தாள். இந்த நூல் விஷயம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். சாதாரணத் தையல் நூல்தான், ஒரு மயிரிழை இப்படியோ அப்படியோ தள்ளினால் மொண்ணையாக இருந்த தந்தி சட்டென்று வண்டு ரீங்கரிக்கிற மாதிரி திறந்துகொள்ளும். மாமி திரும்பிப் பார்க்காமலே, “பஞ்சமத்துல இன்னும் கொஞ்சம்” என்றார். அவள் நகர்த்தினாள். “ம்.” அவ்வளவுதான். சுருதிப் பெட்டி என்று எதுவும் வேண்டியிருக்கவில்லை. இயந்திரச் சுருதியும் வைத்திருக்கவில்லை. வீணையின் சுருதி இரண்டு கட்டைக்குச் சற்றுக் கீழே இருந்தது. “முன்னெல்லாம் மாமி மூணு கட்டைதான்” என்று அக்கா காதில் சொன்னாள். சுருதியை இறக்கினால் தந்தி இளகும், இழுப்பதற்கு விரலுக்குப் பாரம் குறையும். குரல் இறங்கிய வித்வான்கள் கட்டையைக் குறைத்துக்கொள்வது போல விரலுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. சபாவில் நான் இதைக் கவனித்திருந்தால் அதையும் குறைகளின் பட்டியலில் சேர்த்திருப்பேன். இங்கே, அந்தத் தாழ்ந்த சுருதியில் மந்தரத் தந்தியை மீட்டியபோது தரையில் ஊன்றியிருந்த என் உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தது.

தொடங்கப் போகும் நேரத்தில் மாமி தலைநிமிர்ந்து மேலே பார்த்தார். என்னைப் பார்த்து, “ஏம்பா, அந்த ஃபேனை நிறுத்திடறியா?” என்றார். ஆடி மாசத்துச் சென்னை, முப்பத்தைந்து பேர், மூடிய அறை. நான் எழுந்து சுவிட்சைத் தட்டினேன். இறக்கைகள் நிற்க ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷத்தில்தான் அறையில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது என்று புரிந்தது. ஃபேன் அடங்கியதும் தெருவில் போகும் சைக்கிள் மணி கேட்டது, கீழ்வீட்டில் பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டது, அப்புறம் அதுவும் தூரம் போய், தம்புரா மட்டும் அறை முழுக்க நிறைந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்தது. மாமி வீணையின் மேல் கையை வைத்தபடி அது ஓய்கிற வரை காத்திருந்தார். மூன்று விசில். யாரும் சிரிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. அப்புறம் வாசிக்க ஆரம்பித்தார்.

சின்ன அறையின் வாத்தியம்

வீணை அடிப்படையிலேயே சத்தம் குறைந்த வாத்தியம். நாதஸ்வரம் கோயில் வீதிக்குப் பிறந்தது, நாலு தெரு தாண்டிக் கேட்கும். வீணை கூடத்துக்குப் பிறந்தது. ஒரு தடவை மீட்டினால் சத்தம் அந்த நொடியே குறையத் தொடங்கிவிடும். வயலின் வில் போலவோ குரல் போலவோ நீட்டிப் பிடிக்க முடியாது. அந்தக் குறைகிற சத்தத்துக்குள், அது முழுசாக அடங்குவதற்குள், இடது கை தந்தியை மெட்டின் மேல், அதாவது தண்டியில் வரிசையாகப் பதித்த உலோகக் கட்டையின் மேல், இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று கொண்டுபோக வேண்டும். வீணையின் சங்கீதம் முக்கால்வாசி அந்த வாலில்தான் இருக்கிறது, மீட்டும்போது வரும் தலையில் இல்லை. பெரிய அரங்கத்தில் தலைதான் கேட்கும். கான்டாக்ட் மைக் வைத்துச் சத்தத்தை ஏற்றினால் தலை இன்னும் பெரிதாகி, வால் இரும்புச் சாயத்தில் முங்கிவிடும். இதைச் சரியாகக் கையாண்டு அழகாக வாசிக்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. சிட்டிபாபுவும் எஸ். பாலசந்தரும் வீணையை ஆயிரக்கணக்கானோர் கேட்கும்படி செய்தவர்கள். ஆனால் மாமி கற்றது அந்த வாசிப்பு அல்ல. அவருடையது வாலை நம்பி நிற்கும் வாசிப்பு.

இதைப் பற்றிப் பேசும்போது வீணை தனம்மாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்பைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய வித்வான்களே வந்து கூடத்தில் உட்கார்ந்து, மூச்சு சத்தம்கூடப் பெரிதாகிவிடாமல் கேட்டிருக்கிறார்கள். விரலில் கம்பி நகம் எதுவும் மாட்டாமல் வெறும் விரலால் மீட்டுவார், கூடவே மெல்லப் பாடுவார். கடைசிக் காலத்தில் கண்பார்வையும் இல்லை. சபாக்களும் மைக்கும் சங்கீதத்தை வேறு பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்த அதே காலம் அது. மியூசிக் அகாடமி தொடங்கியது 1928இல். 1930களில் மைக் மேடைக்கு வந்துகொண்டிருந்தது. அந்த மாற்றத்தால் சங்கீதத்துக்குக் கிடைத்தது ஏராளம். எட்டுக்கட்டைக் குரல் இல்லாதவர்களும் பாட முடிந்தது, டிக்கெட் வாங்கிய யாரும் கேட்க முடிந்தது. கூடத்துக்குள் நுழைய அழைப்பும் அறிமுகமும் வேண்டியிருந்த காலத்தை நான் கொண்டாட மாட்டேன்.

ஆனால் தனம்மாள் விஷயத்தில் ஒன்று எனக்கு அந்த மாடி ஹாலில்தான் உறைத்தது. நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய இசைத்தட்டுகள் 1930களில் பதிவானவை. அப்போது அவருக்கு அறுபத்தைந்தை ஒட்டிய வயது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் போல ஓடும் அந்தத் தட்டுகளில் இருப்பது முதிய தனம்மாள். இளமையில் அவர் எப்படி வாசித்தார் என்பதைக் கேட்டவர்கள் யாரும் இன்று இல்லை. “தனம்மாள் பாணி” என்று இன்றைக்கும் நாம் தொழுவது ஒரு முதியவளின் விரல்களைத்தான். யாராவது அன்றைக்கு அவரிடம் “இனிமே வாசிக்காம இருக்கலாம்” என்று சொல்லி, அவரும் கேட்டிருந்தால் நமக்கு அந்தத் தட்டுகள்கூட இல்லை. கேண்டீனில் நான் சொன்ன வாக்கியம் இந்த இடத்தில்தான் வந்து சுருக்கென்று குத்தியது.

பேகடா

முதலில் ஒரு வர்ணம், அதிலும் ஒரே காலம்தான், இரண்டாம் காலம் இல்லை. அடுத்து ஒரு சின்ன கீர்த்தனை. அதுவரை நான் இன்னும் பரிசோதகனாகத்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கே விரல் பிந்துகிறது என்று பார்த்துக்கொண்டு. பிந்தத்தான் செய்தது, ஓரிரு இடத்தில். ஆனால் ஆறடி தூரத்தில் அது தவறாகத் தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும் பாட்டி ஒரு வார்த்தைக்காக நொடி நேரம் நிற்பதை நாம் குற்றமாகவா எண்ணுகிறோம்? அந்த நிற்றலும் பேச்சோடு சேர்ந்ததுதான்.

மூன்றாவதாக பேகடா எடுத்தார். எந்த ராகம் என்று யோசிக்கவே நேரம் இல்லாமல் முதல் மீட்டிலேயே தெரிந்தது, மத்தியமத்தால். பேகடாவின் மத்தியமமும் நிஷாதமும் வேறு எந்த ராகத்திலும் அப்படியே வராது. ஆர்மோனியக் கட்டையில் அவற்றுக்கு இடமே கிடையாது. இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கேயோ ஊசலாடிக்கொண்டிருக்கும். பட்டணம் சுப்ரமணிய ஐயருக்கு இந்த ராகத்தில் இருந்த ஆளுமையால் பேகடா சுப்ரமணிய ஐயர் என்றே பெயர் நிலைத்தது. மாமி காந்தார மெட்டிலேயே விரலை வைத்து, தந்தியை ஓர் இழுப்பு இழுத்து மத்தியமத்தைக் கொண்டுவந்தார். வந்த மத்தியமம் அங்கேயே நிற்காமல், கிணற்றிலிருந்து மேலே வந்த வாளி விளிம்பில் ஆடுவது போல ஆடியது. அடுத்து விட்டார். ஆலாபனை என்று நாம் வழக்கமாக நினைக்கும் விரிவு எதுவும் இல்லை. மீட்டுகள் ரொம்பக் குறைவு. ஒரு மீட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அவர் காத்திருந்தார், நாங்களும் காத்திருந்தோம். நாலாபுறமும் வேர்வை வழிந்தது, ஒருவரும் விசிறிக்கொள்ளக்கூட இல்லை.

மேல்ஸ்தாயிக்குப் போய்விட்டு இறங்கி வரும்போதுதான் அது நடந்தது. தைவத மெட்டில் விரல். ஒரு மீட்டு. தந்தியை வெளிப்பக்கமாக இழுத்து நிஷாதம், அந்த நிலைகொள்ளாத பேகடா நிஷாதம். இழுத்ததை மெல்ல விட்டபோது தைவதம். அதற்குள் சத்தம் நூலாக மெலிந்துவிட்டது. சபாவாக இருந்தால் இந்த இடத்தில் இன்னொரு தடவை மீட்டியே ஆக வேண்டும். மாமி மீட்டவில்லை. வலது கை வீணையின் மேல் சும்மா படுத்திருந்தது. இடது கை விரல் மட்டும் தைவதத்திலிருந்து பஞ்சமத்துக்கு, அவ்வளவு நிதானமாக, தந்தியைத் தடவிக்கொண்டே வழுக்கி வந்தது. பாதி வழியிலேயே சத்தம் அடங்கிவிட்டது. எனக்கு அது நன்றாகத் தெரியும், ஆறடியில் உட்கார்ந்திருந்தேன். வீணையிலிருந்து எதுவுமே வரவில்லை. ஆனாலும் விரல் பஞ்சம மெட்டில் வந்து அமர்ந்த அந்தக் கணத்தில் பஞ்சமம் கேட்டது.

முதுகுத்தண்டு சிலிர்த்துவிட்டது. எப்படி என்று அப்புறம் புரிந்தது. பின்னால் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதன் முதல் தந்தி பஞ்சமம்தானே. அந்த மாணவி மீட்டிய பஞ்சமத்துக்குள் மாமி தன் சொற்றொடரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அவர் வாசிக்காத ஸ்வரம் அறையிலேயே இருந்தது. கச்சேரி தொடங்குவதற்கு முன் “பஞ்சமத்துல இன்னும் கொஞ்சம்” என்று ஜீவாவைச் சரிசெய்யச் சொன்னதுகூட நினைவுக்கு வந்தது. தற்செயலாக இருக்குமோ, கை ஓய்ந்துபோய் மீட்ட முடியாமல் விட்டுவிட்டாரோ என்று என் பழைய புத்தி ஒரு நொடி கேட்டது. சொல்லிவைத்தாற்போல மாமி அதே பிடியை மறுபடி வாசித்தார். மறுபடியும் ஒரே மீட்டு, மறுபடியும் நிஷாதம், தைவதம், அப்புறம் வெறும் விரல். இந்தத் தடவை தம்புராவின் பஞ்சமம் விழுகிற நேரம் பார்த்துப் போய் இறங்கினார்.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். அவள் இடது கை மடியில், புடவைக் கொசுவத்தின் மேல் இருந்தது. இரண்டு விரல் சேர்ந்து துணியின் மேல் ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது. அவள் வீணையை விட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமாகிப் போன வீட்டில் அதை வைக்க இடம் இல்லை என்று கும்பகோணத்திலேயே விட்டுப் போனாள். வீடு விற்றபோது வீணையும் யாருக்கோ போனது. நான்தான் விலை பேசினேன். அவள் விரல்களில் இன்னும் இது இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

விட்டுப்போனதும் விட்டுவிட்டதும்

அதன் பிறகு வாசித்த எல்லாவற்றையும் வேறு காதால்தான் கேட்டேன். துரித கால ஸ்வரம் வாசிக்கவில்லை. முடியாது என்பதால்தான் என்றே வைத்துக்கொள்வோம். அது விட்டுப்போனது. ஆனால் அதோடு சேர்ந்து இவர் தானாக விட்டுவிட்டவை எத்தனையோ. மீட்டுகளைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். ஒரு பிடியை மூன்று விதமாக வாசித்துக் காட்டும் ஆசையை விட்டிருக்கிறார். கைதட்டு வாங்கும் முத்தாய்ப்புகளை விட்டிருக்கிறார். இளம் கலைஞர்கள் இரண்டு மணி நேரத்தில் தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும், அவர்கள் நிலைமை அப்படி. அடுத்த வருஷம் சபா கூப்பிட வேண்டாமா? இவருக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் இந்தச் செல்வத்தை ஆயிரம் நாற்காலிக்கு நடுவில் வைத்தால் வெறும் இல்லாமையாகத்தான் தெரியும். அன்று சபாவில் எனக்குத் தெரிந்தது அதுதான். நான் கேட்டது தவறு என்றுகூடச் சொல்ல மாட்டேன். அங்கே கேட்க முடிந்தது அவ்வளவுதான். அதை வைத்து அவரை எடைபோட்டேனே, அதுதான் தாங்கவில்லை.

வயதான வித்வான்கள் எப்போது நிறுத்த வேண்டும் என்பது நம் ரசிகர்கள் ஓயாமல் பேசும் பேச்சு. செம்மங்குடி தொண்ணூறு வயதை எட்டியும் பாடினார். அப்போதும் இதைப் பேசினார்கள். கல்பகம் சுவாமிநாதன் எண்பதைக் கடந்தும் வீணை வாசித்துக்கொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தார். அவர் வாசிப்பைச் சின்ன இடங்களில் கேட்டவர்கள் அதைச் சொல்லும்போது அவர்கள் குரலே தணிந்துவிடும். என் ஆதங்கம் இதுதான்: கலைஞருக்கு வயதானதும் மேடையை விட்டு இறக்குவதா வேண்டாமா என்று கேட்கிறோமே தவிர, மேடையைச் சின்னதாக்கலாமே என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை? ஒரு மாடி ஹால், ஒரு ஜமக்காளம், நிஜத் தம்புரா, நிறுத்தக்கூடிய ஒரு ஃபேன். இதற்கு ஆகும் செலவு ஒரு சபா கச்சேரியின் ஒலிபெருக்கி வாடகையைக்கூடத் தொடாது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அங்கங்கே சிலர் மைக் இல்லாமல் நடத்துகிறார்கள். போதாது. முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மிருதங்க வித்வானைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஐம்பது வயதிருக்கும். பேகடா கீர்த்தனைக்குச் சேர்ந்துகொண்டபோது முழுக் கையால் அடிக்கவே இல்லை. விரல் நுனிகளால் மட்டும். தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவையை வழக்கத்தைவிட மெல்லிசாகப் பூசியிருந்தாரோ என்னவோ, கும்கி என்கிற அந்த இடக்கை நாதம் வெளியே கொட்டாமல் உள்ளுக்குள்ளேயே உருண்டது. மாமி தந்தியை இழுக்கும் போதெல்லாம் அவர் கை அந்தரத்தில் நின்றுவிடும், வால் அடங்கிய பிறகுதான் கீழே வரும். தனி ஆவர்த்தனம் நாலைந்து நிமிஷம். அதில் பாதியை அவர் மிருதங்கத்தைப் பார்க்காமல் மாமியின் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். மாமி தாளத் தந்திகளை அந்தச் சுண்டுவிரலால் தட்டித் தாளம் காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் முகாரியில் ஒரு பதம். அதை வாசித்துக்கொண்டே பாடவும் செய்தார். குரல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. சாகித்தியத்தின் ஓர் அடியை வாயால் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மிச்சத்தை வீணையிடம் விட்டுவிடுவார். அடுத்த அடியை வீணையில் தொடங்கி வாயால் முடிப்பார். எது எங்கே மாறுகிறது என்று பிடிக்கவே முடியவில்லை. நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆஹா” என்றுகூட யாரும் சொல்லவில்லை, சொன்னால் ஏதோ உடைந்துவிடும் போலிருந்தது. முடிந்ததும் சிறிது நேரம் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மாணவி தம்புராவை நிறுத்தவில்லை. மாமி திரும்பி, “போறும்மா” என்ற பிறகுதான் நிறுத்தினாள்.

யாரோ எழுந்து ஃபேனைப் போட்டார்கள். காபி வந்தது. மாமி எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே ஒரு பழைய வேட்டித் துணியால் தந்திகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அருகில் போய் நமஸ்காரம் செய்து, தன் வாத்தியாரம்மாவின் பெயரைச் சொன்னாள். மாமிக்கு நினைவிருந்தது. “அவ சிஷ்யையா நீ?” என்று அக்காவின் இடது கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனியைத் தடவிப் பார்த்தார். பள்ளம் எதுவும் இல்லை, வழவழப்பாகத்தான் இருந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் கையை விட்டுவிட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

கேண்டீனில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது, தெரியாத ஒன்றை அவர் மேல் எதற்குச் சுமத்துவது? அதனால் வேறொன்றைக் கேட்டேன். “மாமி, பேகடாவுல கீழ இறங்கும்போது சத்தம் நின்னதுக்கப்புறமும் விரல் பஞ்சமத்துக்குப் போச்சே…”

துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெரிய கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன.

“கேட்டுதா?”

“கேட்டுது மாமி.”

“அப்போ சரி” என்று சொல்லிவிட்டு, அனுமந்தரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.